ஃபெர்ன்கோட் மேட்டுக்கு உப்புப் போட்டவர்

வேலூரில் பிறந்த ஒருவரைப் பிடித்து, லண்டன் தெரு இன்றைக்கு உறையுமா உறையாதா என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார வைப்பது, கோயில் குருக்களை இறைச்சிக் கடையில் தராசு பிடிக்க வைப்பது மாதிரித்தான். ஆனால் கவுன்சில்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முருகேசனுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது.

வடமேற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வீதிப் பகுதியில் அவர் சிவில் இன்ஜினியர். வயது நாற்பத்தொன்று. வீடு கிங்ஸ்பரியில். சேர்ந்த முதல் வருடமே குளிர்கால டியூட்டி ஆபீசர் என்ற பட்டத்தை யார் சுமப்பது என்று கூட்டம் போட்டார்கள். ஒருவருக்கு மாமியார் வீடு, ஒருவருக்குப் பனிச்சறுக்கு விடுமுறை, ஒருவருக்கு முதுகுவலி. எல்லார் கண்ணும் கடைசியில் முருகேசன் மேல் வந்து நின்றது. "எங்களுக்குப் பொங்கல் இருக்கு" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கையில் ஒரு மொபைல் போனைத் திணித்துவிட்டார்கள்.

நவம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் அந்த போன் அவர் தலைமாட்டில் தூங்கும். அவர் தூங்குவதில்லை.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம். தினமும் காலையிலும் பகல் ஒரு மணிக்கும் வானிலைக் கம்பெனியிடம் இருந்து ஒரு ஃபேக்ஸ் வரும். அதைப் பார்த்து, லொறிகளை அனுப்பித் தெருவில் கல்லுப்பைத் தூவுவதா வேண்டாமா, தூவினால் எத்தனை மணிக்கு என்று எழுதி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். கஷ்டம் என்னவென்றால் அந்த ஃபேக்ஸ் எந்த இடத்திலும் 'வரும்' என்று சொல்லாது. 'வரக்கூடும்' என்னும். 'ஆங்காங்கே' என்னும். 'உயரமான இடங்களில் சற்றுக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு' என்னும். வெம்பிளியில் ஜாதகம் பார்க்கிறவர்கூட, கலியாணம் தையில் கூடாவிட்டால் மாசியில் கூடும் என்று இரண்டு மாதத்துக்குள் ஆளை நிறுத்திவிடுவார். இவர்கள் அதுவும் செய்ய மாட்டார்கள்.

அவர் மனைவி கிரிஜாவுக்கு இந்த உத்தியோகத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "ஊரு பூரா உப்பு போடுற மனுஷன்! சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா மட்டும் பேந்தப் பேந்த முழிக்கிறீங்க" என்பாள்.

முழிப்பதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் ஃபெர்ன்கோட் மேடு.

வடக்கே பார்த்த மேடு. இரண்டு பக்கமும் மரம். ஜனவரியில் வெயில் அதை எட்டிக்கூடப் பார்க்காது. உச்சியில் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் ஏற அந்த ஒரு வழிதான். முந்திய டிசம்பரில் ஒரு நாள் ஃபேக்ஸ், தெருவின் மேற்பரப்பு ஒரு டிகிரிக்குக் கீழே இறங்காது என்று சொல்லியிருந்தது. முருகேசன் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவுன்சிலில் இருந்த மற்ற எல்லாத் தெருவும் ஃபேக்ஸின் பேச்சைக் கேட்டது. மேடு மட்டும் கேட்கவில்லை. விடியும்போது அது கண்ணாடியாகிக் கிடந்தது. ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் பாதி ஏறி, அப்படியே பக்கவாட்டில் வழுக்கி, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கிழவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு, கையைத் தெருவில் ஊன்றி ஊன்றி ஏறினார்கள். நாற்பது நிமிடம்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். விசாரணை நடந்தது. முருகேசன் காகிதத்தில் இருந்தபடி நடந்ததால் அவர் மேல் குற்றமில்லை என்று மேலதிகாரி ஹாலோவே கை குலுக்கினார். காகிதமும் சரியாம், முருகேசனும் சரியாம். மேடுதான் ஒத்துழைக்கவில்லையாம்.

கை குலுக்கிய அன்று மாலை முருகேசன் ஒரு பை நிறையத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் இருந்த பெண் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டாள். அவருக்குக் கிழவரின் பெயர் தெரியாது. 'என்னால் நாற்பது நிமிடம் தெருவில் கிடந்தவரை' என்று சொல்லலாம். அதை எந்த வார்டில் தேடுவாள்? பழத்தோடு திரும்பி வந்தார். கிரிஜா ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி வைத்தாள். அவராகவே சொன்னார்: "இன்னொரு தடவை அந்த மேடு அடைபட்டுச்சுன்னா, இந்த போனைத் திருப்பிக் கொடுத்துடுவேன் கிரிஜா. வேலையையும் சேர்த்து."

இது நடந்து ஏழு வாரம் கழித்து, 2003 ஜனவரியின் கடைசி வியாழக்கிழமை, வடக்கே இருந்து பனி புறப்பட்டது.

காலை ஃபேக்ஸ் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளம். மதியம் மழை. அது இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் பனியாக மாறும். பெரும்பாலும் நாலுக்குப் பிறகு. அதன்பின் வானம் வெளிக்கும், கடுங்குளிர் இறங்கும், வெள்ளி காலை பூச்சியத்துக்குக் கீழே ஆறோ ஏழோ.

இதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று வெளியாள் கேட்பார். உப்பு மழைக்கு முன் போட்டால் மழை கழுவிக்கொண்டு போய்விடும். பனி விழுந்து மூடிய பின் போட்டால், அடியில் இருக்கும் தெருவுக்கு அது போய்ச் சேராது. லொறியும் போய்ச் சேராது. மழை பனியாக மாறுவதற்குச் சற்று முன், அந்த ஒரு சின்ன இடைவெளியில் போட வேண்டும். அந்த இடைவெளி இரண்டுக்கா, ஐந்துக்கா?

டிப்போ அறையில் முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லொறி ஓட்டும் சுபாஸ்கரன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

சுபாஸ்கரன் முருகேசனைவிட ஆறு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் இருந்து ஜெர்மனிக்குப் போய், ஸ்டுட்கார்ட்டில் ஒன்பது வருடம் லொறி ஓட்டி, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறியவர். லண்டன் பனியை அவர் பனி என்றே ஒத்துக்கொள்வதில்லை. முருகேசனை நல்ல மனநிலையில் 'தம்பி' என்பார்; கோபத்திலோ நக்கலிலோ 'சேர்'.

"என்ன சேர், தலையில கை? ஆர் செத்தது?"

"யாரும் சாகக் கூடாதுன்னுதான் அண்ணே உட்கார்ந்திருக்கேன். இதப் பாருங்க. ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ளங்கிறான்."

"அப்ப அஞ்சுக்கு வரட்டும். நான் ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வாறன்."

"ரெண்டுக்கு வந்துட்டா?"

"லொறிக்குள்ள இருந்து சாப்பிடுறன். ஸ்டுட்கார்ட்டில..."

"அண்ணே, ஸ்டுட்கார்ட்ட விடுங்க. இங்க மேடு இருக்கு."

மேடு என்றதும் சுபாஸ்கரன் நக்கலை நிறுத்தினார். டிசம்பரில் வழுக்கி நின்ற ஆம்புலன்ஸைக் கட்டி இழுத்தது அவருடைய லொறிதான். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடக்கால தானே தம்பி வருகுது?"

"ஆமா."

"அப்ப எங்களுக்கு முன்னம் லூட்டனுக்குத்தானே வரவேணும்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"லூட்டன் பெற்றோல் ஷெட்டில எங்கட லதீசன் நிக்கிறான். கேப்பம்."

அந்த நாட்களில் லண்டனைச் சுற்றி எந்தப் பெற்றோல் ஷெட்டுக்குள் நுழைந்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து முகம் ஒன்று இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வெளியே பார்க்க வானமும் பம்பும். கதைக்க ஒரு மொபைல். இப்படிப்பட்டவர்களை லூட்டன், வாட்ஃபோர்ட், எட்ஜ்வேர் என்று வரிசையாக நிறுத்தி வைத்திருந்தும், பனி எங்கே வருகிறது என்று ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை.

சுபாஸ்கரன் மேசைப் போனில் ஸ்பீக்கரை அமுக்கினார். மணி பன்னிரண்டு இருபது.

"லதீசன், அங்க என்ன மாதிரி?"

"ஐயோ அண்ணை! கொட்டோ கொட்டெண்டு கொட்டுது! உலகமே தெரியேல்லை!"

முருகேசன் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். சுபாஸ்கரன் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"பம்ப் தெரியுதோ?"

"பம்ப் தெரியுது."

"பம்புக்கு அங்கால றோட்டு?"

"றோட்டும் தெரியுது."

"றோட்டுக்கு அங்கால?"

"மக்டொனால்ட்ஸ் தெரியுது."

"அப்ப என்னடா தெரியேல்லை உனக்கு?"

"அண்ணை, ஒரு பேச்சுக்குச் சொன்னன். மழையோட கலந்து இப்பதான் துமிக்குது."

சுபாஸ்கரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு முருகேசனைப் பார்த்தார். "பெடியன் நல்லவன். வாயைத்தான் பத்தால பிரிக்கவேணும். பொறுங்கோ, வாட்ஃபோர்ட்டில கிருஷ்ணராசா அண்ணை நிக்கிறார். அவர் ஒரு சொல்லும் கூடக் கதையார்."

கிருஷ்ணராசா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். ஒரே ஷெட்டில், ஒரே கண்ணாடிக்குப் பின்னால் பதினொரு குளிர்காலம். போனை எடுத்ததும் வணக்கம் சொன்னார். அடுத்ததாக நேரத்தைச் சொன்னார்.

"பன்னிரண்டு இருபத்தேழு. மழை. பனி இல்லை."

"அண்ணை, எப்ப மாறுமெண்டு ஏதும் தெரியுதோ?"

"மாறுறது பெரிய விசயமில்லை. நிலத்தில நிக்குமோ எண்டதுதான் விசயம். அதைத் தோளில பாக்கலாம்."

முருகேசன் போனுக்குக் கிட்டப் போனார். "ஐயா, நான் முருகேசன், கவுன்சில்ல இருந்து. தோள்லன்னா எப்படி?"

"எங்கட கதவில இருந்து கவுன்டருக்கு ஒன்பது அடி. ஆள் உள்ள வரேக்கை தோளைப் பாக்கிறது. கதவடியிலயே கரைஞ்சால் அது ஈரப் பனி, றோட்டில தங்காது. கவுன்டர் வரைக்கும் வந்து கரைஞ்சால், புல்லில தங்கும், றோட்டில தங்காது. காசைத் தந்து மிச்சத்தை வாங்கி மடிச்சு வைக்கிற வரைக்கும் தோளில நிண்டுதெண்டால், அது காய்ஞ்ச பனி. அரை மணித்தியாலத்தில றோட்டை மூடும்."

"எத்தன தடவை பார்த்திருக்கீங்க?"

"பனி வந்த நாள் எல்லாம். சும்மாதானே நிக்கிறம்."

"தப்பாப் போயிருக்கா?"

"ரெண்டு தரம். ஒருத்தன் குடையோட வந்தவன்."

"இன்னொண்ணு?"

"மொட்டைத் தலை. அவசரத்தில தலையை வைச்சுக் கணிச்சிட்டன். தலை சூடு. பிழை என்ரை."

முருகேசன் பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் படித்தவர். இங்கிலாந்து வந்து மேலே இரண்டு பட்டம். தெருவுக்கு அடியில் உணர்கருவி புதைத்து, அதைக் கணினியோடு இணைத்து, மேற்பரப்பின் வெப்பத்தைப் பத்தில் ஒரு டிகிரி வரை வாசிப்பவர். அவருக்கு மயிர் கூச்செறிந்தது. முன்பின் தெரியாதவர்களின் தோள்கள் இந்த மனிதருக்குக் கருவியாகியிருக்கின்றன. சிகரெட்டும் பாலும் வாங்க வந்தவர்களுக்கு, தாங்கள் வானத்தில் இருந்து செய்தி சுமந்து வருவது தெரியாது. பதினொரு குளிர்காலம் அந்தச் செய்தியை ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார், கேட்க ஆளில்லாமல்.

லதீசனுக்கும் தோள் பாடம் போன் வழியாகப் போனது. பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு அவனே கூப்பிட்டான். "அண்ணை, ஒரு பொம்பிளை. மிச்சம் வாங்கி, பேர்ஸைப் பூட்டி, திரும்பிக் கதவு வரைக்கும் போயிட்டா. தோள் முழுக்க வெள்ளை. சத்தியமா, இது பேச்சுக்கு இல்லை."

ஒரு மணி ஃபேக்ஸ் வந்தது. பெரும்பாலும் நாலுக்குப் பிறகு என்றது, காலையில் சொன்னது போலவே. கூடவே ஹாலோவேயின் அழைப்பும் வந்தது. மழை நிற்கவில்லை, மூன்றரை வரை லொறி நகரக் கூடாது, உப்பு சாக்கடைக்குத்தான் போகும் என்றார். பிறகு குரலைத் தணித்து, அன்பாகவே சொன்னார்: "காகிதத்தோடு நில், முருகேசன். காகிதம் உன்னைக் காப்பாற்றும்."

டிசம்பரிலும் அது அவரைத்தான் காப்பாற்றியது. முருகேசன் அதைச் சொல்லவில்லை. "சரி சார்" என்று போனை வைத்தார்.

ஒன்று ஐம்பத்தைந்து. வாட்ஃபோர்ட்.

"வெள்ளைக்காரப் பெரியவர். லொத்தர் டிக்கற் எடுத்தவர். மிச்சத்தை எண்ணிப் பாத்து மடிச்சு வைச்சவர். தோளில நிக்குது."

முருகேசன் வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்தார். லூட்டனில் இருந்து வாட்ஃபோர்ட் பதினேழு மைல், பனி வர எழுபது நிமிடம். வாட்ஃபோர்ட்டில் இருந்து மேடு ஒன்பது மைல். முப்பத்தேழு நிமிடம். இரண்டு முப்பத்திரண்டு.

ஜன்னலுக்கு வெளியே மழை அழுத்தமாகப் பெய்துகொண்டிருந்தது. இந்த மழையில் உப்பைக் கொட்டச் சொல்பவனை உலகம் என்ன சொல்லும்? தீர்மானத் தாளை எடுத்தார். 'அனுப்புக, உடனே' என்று எழுதினார். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றது.

"என்னத்தை யோசிக்கிறியள் தம்பி?"

"காரணம் எழுதணும் அண்ணே. லாட்டரி வாங்க வந்த பெரியவரோட தோள்னு எழுதவா?"

"எழுதுங்கோ. இடது தோளோ வலது தோளோ எண்டு திருப்பிக் கேப்பாங்கள்."

'உள்ளூர் அவதானிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு லொறிகள் மழைக்குள் புறப்பட்டன. சுபாஸ்கரனின் லொறி மேட்டுக்கு.

இந்த இடத்தில் கதை ஒழுங்காக முடிந்திருக்கும், நம்முடைய சனம் என்று ஒன்று இல்லாதிருந்தால்.

லதீசனுக்குத் தோளைப் பார்த்ததோடு வேலை முடியவில்லை. கவுன்சிலே தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்ற செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பான்? ஒரு மணிக்கே கிங்ஸ்பரியில் இருந்த மாமியார் ராஜலட்சுமிக்குப் போன் அடித்தான். "மாமி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இன்னும் கொஞ்ச நேரத்தில பனி இறங்குது. பாதை பூட்டுப்படப் போகுது."

ராஜலட்சுமி சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஒருத்தருக்கும் சொல்லவில்லை, ஏழு பேருக்குச் சொன்னார். அந்த ஏழு பேரும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரனிடம் பாதை பூட்டப் போகிறது என்றால் வீட்டுக்குள் இருப்பான். யாழ்ப்பாணத்துச் சனத்திடம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ஊரில் யுத்தத்தால் பாதை பூட்டி, சாமான் வராமல் கிடந்த வருடங்களை அது உடம்பால் அறிந்தது. சொல் காதில் விழுந்ததும் கால் செருப்பைத் தேடும், கை பையைத் தேடும். அரிசி, மா, சீனி, பருப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. லண்டனில் மெழுகுதிரி எதற்கு என்று எவரும் நின்று யோசிக்கவில்லை. பாதை பூட்டினால் மெழுகுதிரி வேண்டும், அவ்வளவுதான். பூட்டப்போகும் பாதையில் அத்தனை பேரும் காரை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கிங்ஸ்பரிப் பக்கத்துச் சனத்துக்குப் பெரிய தமிழ்க் கடை, மேட்டுக்கு அந்தப் பக்கம்.

இரண்டு பத்துக்கு முருகேசனின் போன் அலறியது.

"சேர்! மேடு முழுக்கக் கார்! முன்னாலயும் கார், பின்னாலயும் கார், அசைய ஏலாது!"

"யாருண்ணே இவங்கல்லாம்? ஆபீஸ் விடுற நேரம்கூட இல்லையே?"

"எங்கட சனம்! அரிசி வாங்கப் போகினம்!"

"இப்பவா? ஒதுங்கச் சொல்லுங்க அண்ணே! ஹாரன் அடிங்க!"

"அடிக்கலாம். முன்னுக்கு நிக்கிற நீலக் காருக்குள்ள என்ரை மனிசி இருக்கிறா. பிறகு வீட்டை ஆர் போறது?"

முருகேசன் குடையைக்கூட எடுக்கவில்லை. டிப்போவில் இருந்து மேட்டடிக்கு அரை மணி நேர நடை. ஓடினார். வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஓடிய கால்கள். இருபது வருடமாக ஓடாத கால்கள். ஓடும்போதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. லொறி பாதி மேட்டில் நிற்கும். கார்கள் அதைச் சுற்றி நிற்கும். அவற்றின் மேல் பனி விழும். பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். இந்தத் தடவை அவருக்கு முன்னால் பிடித்துக்கொள்ளக் காகிதமும் இல்லை. கையெழுத்து முழுக்க அவருடையது.

மேட்டடியில் வந்து நின்றபோது நாடி காதுக்குள் அடித்தது. சுபாஸ்கரனின் மஞ்சள் லொறி முக்கால் மேட்டில், ஆமை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது; பின்னால் இருந்த தட்டு சுழன்று சுழன்று உப்பை எறிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னே முட்டிக்கொள்ளாத குறையாகக் கார்கள். எதிர்ப் பக்கத்தில் அரிசி மூட்டையோடு இறங்கும் கார்கள். சிலதில் டிக்கி மூடவில்லை.

அப்போது மழையின் சத்தம் நின்றது.

மழை நிற்கவில்லை, சத்தம்தான் நின்றது. முருகேசன் நிமிர்ந்து பார்த்தார். மணி இரண்டு முப்பத்து நாலு. சாம்பல் வானம் முழுவதும் துண்டு துண்டாகக் கழன்று, அவசரமே இல்லாமல், ஆயிரம் ஆயிரமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மைல் தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதர், லொத்தர் வாங்க வந்தவரின் தோளைப் பார்த்துச் சொன்ன பனி, சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தி வந்து சேர்ந்திருந்தது. கார்களின் இரைச்சல் பஞ்சுக்குள் போனது போல் அமுங்கியது. பக்கத்துச் சந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. சுவர் வெளுத்தது, குப்பைத் தொட்டி வெளுத்தது, மரக்கிளைகள் ஒவ்வொன்றும் தன் மேல் இன்னொரு வெள்ளைக் கிளை வளர்த்தது. நாலே நிமிடம்.

தெரு?

குனிந்து பார்த்தார். மேடு கறுப்பாக இருந்தது. ஈரமாக, பளபளவென்று, கரிச்சட்டியின் அடி மாதிரிக் கறுப்பாக. பனி அதில் விழுந்தது, விழுந்ததும் காணாமல் போனது.

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது, புத்தகத்தில் படித்ததுதான். கல்லுப்பைத் தூவிவிட்டால் மட்டும் போதாது. அதைச் சக்கரங்கள் ஏறி நசுக்கித் தெருவோடு அரைக்க வேண்டும். அப்போதுதான் அது வேலை செய்யும். ஆளில்லாத தெருவில் கல்லுப்பு கல்லாகவே கிடக்கும். இங்கே லொறியின் வாலைப் பிடித்துக்கொண்டு இருநூறு கார்கள், ஒன்று விடாமல், அடி அடியாக, அம்மியில் அரைப்பது போல் அரைத்துக்கொண்டு ஏறியிருந்தன. எந்தக் கவுன்சில் கூப்பிட்டால் இருநூறு கார் வரும்? ராஜலட்சுமி ஏழு பேரைத்தான் கூப்பிட்டார்.

பின்னால் சைரன் கேட்டது.

முருகேசன் உறைந்துபோய் நின்றார். நீல விளக்கு சந்தியில் திரும்பி மேட்டடிக்கு வந்தது. வரிசையின் கடைசிக் கார் இடது பக்கம் ஒதுங்கியது. அதற்கு முன்னது ஒதுங்கியது. எதிர்ப் பக்கம் இறங்கியவை அந்தக் கரைக்கு ஒதுங்கின. தேர் வரும்போது சனம் விலகுமே, அப்படி மேடு நடுவால் பிளந்துகொண்டு போனது. ஆம்புலன்ஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. டிசம்பரில் கிழவருடைய வண்டி வழுக்கிய அந்த வளைவில், அதன் சக்கரங்கள் தெருவை உறிஞ்சிப் பிடித்தன. ஏறியது. மறைந்தது.

முருகேசன் நடைபாதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில், கடைக்குப் போய்த் திரும்பிய நீலக் கார் ஒன்று பக்கத்தில் நின்று ஜன்னல் இறங்கியது. சுபாஸ்கரனின் மனைவி நிர்மலா.

"என்ன முருகேசன், நனைஞ்சு போய் நிலத்தில இருக்கிறியள்? சுகமில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கேங்க."

"கிரிஜாவுக்கு அரிசி வாங்கினியளோ?"

"இல்லீங்களே."

"நல்ல ஆள்! கவுன்சிலில இருந்துகொண்டு பனி வாறது தெரியாதோ உங்களுக்கு?" டிக்கியில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் பனி நின்றது. லொறிகள் இன்னொரு சுற்றுப் போயின. பிறகு வானம் துடைத்த மாதிரி வெளித்தது. அதன் பின்னால் வந்தது குளிர். பனியாவது கண்ணுக்குத் தெரிந்து வரும். இது தெரியாமல் வந்தது. பூட்டுக்குள் புகுந்து சாவியைப் பிடித்தது. வெளியே விட்ட பால் போத்தலின் மூடியைத் தூக்கி, உள்ளிருந்த பாலை ஒரு விரல் உயரத்துக்கு எழுப்பி நிறுத்தியது. குளத்து வாத்துகள் தண்ணீருக்கு மேல் நடந்தன; நடந்துவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வெள்ளி காலை எட்டு மணிக்குப் பூச்சியத்துக்குக் கீழே ஏழு. ஹாலோவே போனில் வந்தார். வேறு பகுதிகளில் சனம் வீடு போய்ச் சேராமல் கார்களுக்குள்ளேயே கிடந்த செய்தியைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். குரலில் மரியாதையும் சந்தேகமும் பாதிப் பாதி. "அந்த உள்ளூர் அவதானிப்பு யாருடையது? கோப்பில் பெயர் போட வேண்டும்."

முருகேசன் வாட்ஃபோர்ட்டுக்குப் போன் அடித்துக் கேட்டார். கிருஷ்ணராசா பதறிவிட்டார். "ஐயோ, என்ரை பேர் வேண்டாம். வேலை நேரத்தில வாற போற ஆக்களின்ரை தோளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு முதலாளிக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பார்?" பிறகு, "மேட்டில ஆம்புலன்ஸ் ஏறினதோ?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா. ஒண்ணு ஏறினத என் கண்ணால பார்த்தேன். மிச்சம் இனிமேதான் கேட்கணும்."

அதைக் கேட்கத்தான் அவரும் சுபாஸ்கரனும் மேட்டில் ஏறினார்கள். மரங்களுக்கு அடியில் இருந்த புல் கால் பட்டதும் நொறுங்கியது. மூச்சு வெளியே வந்ததும் வெள்ளையாகி அப்படியே நின்றது. தெரு கறுப்பாக, உப்பு காய்ந்து சாம்பல் பூத்து, உச்சி வரைக்கும் கிடந்தது. சுபாஸ்கரன் மூன்று தரம் வாயைத் திறந்தார். ஸ்டுட்கார்ட் என்ற சொல் மூன்று தரமும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவற்காரர் கொதிநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேற்று மத்தியானத்தில் இருந்து எத்தனை ஆம்புலன்ஸ் வந்தது?" என்று முருகேசன் கேட்டார்.

காவற்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "பதினேழு."

"எல்லாம் மேலே வந்து சேர்ந்ததா?"

அவர் இவர்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "வராமல்?"

வாயைத் திறந்தால் முருகேசன் அழுதுவிடுவார் என்று சுபாஸ்கரனுக்குத் தெரிந்தது. கையைப் பிடித்துத் தெருவின் கரைக்கு இழுத்தார்.

"தள்ளி நில்லுங்கோ தம்பி. அடுத்தது வருகுது."